சரிகைத் தலைப்பாகைச் சனிக்கிழமைகள்

என் வீட்டுக்காரர் ஒரு திருடர் என்று நான் மூன்று நாள் நம்பியிருக்கிறேன். ஒரு வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும்.

அப்போது நாங்கள் கோலார் தங்க வயலில், ஊரிகத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம், ஒரே அறை. சிவசமுத்திரத்திலிருந்து கம்பி போட்டு மின்சாரம் கொண்டுவந்த புதிது. அது சுரங்கத்துக்கும் துரைமார் பங்களாக்களுக்கும்தான். எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்கு. எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். மிஷன் போர்டிங்கில் படித்தவள் என்பதால், சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக மிஷன் வைத்திருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் என்னை வாத்தியாரம்மா என்று கூப்பிடுவார்கள். எனக்கு ஐந்து வயதில் ஒரு மகளும், கைக்குழந்தையாக ஒரு மகனும் இருந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. வரிசையாக நிற்கும் இரும்பு உலக்கைகள் கல்லைக் குத்தி மாவாக்கும். அந்த மாவு தண்ணீரோடு சேர்ந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடும். கல்லில் இருக்கிற தங்கம் ரசத்தோடு ஒட்டிக்கொண்டு தகட்டிலேயே நின்றுவிடும். அதைச் சுரண்டி எடுத்தால் சாம்பல் வெள்ளையாக ஒரு கட்டி கிடைக்கும். ரசக்கட்டி என்போம். அதைச் சூடாக்கினால் ரசம் பறந்துபோய்த் தங்கம் மிஞ்சும். தகடு கழுவுகிற ஆட்களில் இவர் ஒருவர்.

இவரைப் போலப் பயந்த சுபாவமுள்ள மனிதரை நான் பார்த்ததில்லை. வெயிலில் காயப்போட்ட இவருடைய வேட்டியைப் பக்கத்து வீட்டு ஆடு மென்றுகொண்டிருந்தபோது, விரட்டினால் ஆட்டுக்காரர் என்ன நினைத்துக்கொள்வாரோ என்று பார்த்துக்கொண்டே நின்றார். சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க, போங்க என்றுதான் சொல்லுவார். மிஷன் கோயிலில் பாட்டுப் பாடும்போது உதடு அசையும், சத்தம் வராது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞாபகம் மட்டும் அபாரம். போதகர் செய்த பிரசங்கத்தை மறுநாள் வரி வரியாக எனக்குத் திருப்பிச் சொல்லுவார்.

அந்த வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. அடுப்பு மெழுகலாம் என்று பின்பக்கத்துக் கல்லை நகர்த்தினேன். அடியில் அழுக்குத் துணியில் ஏதோ சுற்றியிருந்தது. எலுமிச்சம்பழம் அளவுதான். தூக்கினால் கை கீழே போனது. பிரித்துப் பார்க்காமலே எனக்கு விளங்கிவிட்டது.

ரசக்கட்டி ஒருவர் வீட்டில் இருந்தாலே போதும், சிறைதான். எப்படி வந்தது என்று போலீஸ் நிரூபிக்கவேண்டியதில்லை, வைத்திருந்தவன்தான் சொல்லவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடுகளைச் சோதனை போட்டுப் பெண்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். மூட்டையை இருந்த இடத்திலேயே போட்டு, கல்லை இருந்தபடியே வைத்து, மேலே சாணம் மெழுகினேன்.

சாயங்காலம் அவர் வந்தார். "இன்னா, உடம்பு சரியில்லியா?" என்று கேட்டு, தானே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லப்போகும் பதிலுக்கு நான் தயாராக இல்லை.

சனிக்கிழமைகளில் காலை ஷிப்ட் முடிந்ததும் கூடுதல் வேலை இருக்கிறது என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தார். அந்தச் சனிக்கிழமை மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மில் கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். சங்கு ஊதியது. சோதனை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். இவரும் வந்தார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, கடைத்தெருப் பக்கம் நடந்தார். நகை செய்கிற ஒரு தட்டார் வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து வேறொரு ஆள் வெளியே வந்தார்.

சரிகைத் தலைப்பாகை. விரலில் மோதிரம். வாய் நிறைய வெற்றிலை. நடையே வேறு. எதிரில் வந்த ஒருவனை, "டேய், போன வாரம் எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அதட்டி, கன்னத்தில் ஒன்று வைத்தார். அடி வாங்கினவன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் மேஸ்திரி" என்றான். அப்புறம் இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே ஜவுளிக்கடைக்குள் போனார்.

ஜவுளிக்கடை முதலாளியை எல்லோருக்கும் தெரியும். எந்தச் சாமி திருவிழாவானாலும் முதல் நன்கொடை அவருடையது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பாய் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து தட்டு வைத்தேன். களியும் கீரையும் போட்டு, களிக்குப் பக்கத்தில் அந்தத் துணி மூட்டையையும் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மகளை வெளியே விளையாட அனுப்பியிருந்தேன்.

"எவ்ளோ நாளா தெரியும்?"

"மூணு நாளா. தலைப்பாகையும் பார்த்தேன்."

தலையை ஆட்டினார். "நான் திருடன் இல்ல" என்றார். "ஆனா அத சொல்றதுக்கு இப்ப உலகத்துல ஒருத்தரும் இல்ல."

அதற்கப்புறம் அவர் சொன்னது இதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரோடு தகடு கழுவின ஒரு சிநேகிதர் செத்துப்போனார். கைவிட்ட பழைய சுரங்கக் குழி ஒன்றில் விழுந்து கிடந்தார். குடித்துவிட்டு வழுக்கி விழுந்தார் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்த உடலை மேலே தூக்கின நாலு பேரில் இவர் ஒருவர். அந்தச் சிநேகிதர் குடிக்கமாட்டார் என்பது இவருக்குத் தெரியும். ஜவுளிக்கடைக்காரருக்காக அவர் மில்லிலிருந்து ரசக்கட்டி கடத்திக்கொண்டிருந்ததும், மனைவி மாசமாக இருப்பதால் இனிமேல் முடியாது என்று அந்த வாரம்தான் சொல்லிவிட்டு வந்ததும் தெரியும். இவரிடம்தான் சொல்லியிருந்தார்.

உடலைப் புதைத்த மறுநாள் இவர் தானாகவே போலீஸ் இன்ஸ்பெக்டரைத் தேடிப் போயிருக்கிறார். ஆட்டை விரட்டப் பயந்தவர்! அந்த இன்ஸ்பெக்டர் நேர்மையான மனிதர். "தூக்கிக்கினு வர்றவன நூறு பேரப் பிடிப்பேன். வாங்கறவன் பேர சொல்ல ஒருத்தனும் வாய தொறக்கமாட்டான். நீ உள்ள போய் இருக்கியா?" என்று கேட்டிருக்கிறார். இவர் சரி என்றிருக்கிறார். அன்றிலிருந்து முதலில் தானும் கடத்துகிறவனாகச் சேர்ந்து, அப்புறம் மற்றவர்களிடமிருந்து வாங்கிச் சேர்க்கிற மேஸ்திரியாகி, முதலாளி பக்கத்தில் உட்கார்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டார். ஒவ்வொரு வாரமும் நடந்ததை இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்லுவார். ஸ்டேஷனிலேயே முதலாளியின் ஆள் ஒருவன் இருந்ததால், இன்ஸ்பெக்டர் எதையும் அங்கே எழுதி வைக்கவில்லை. தன் மனதிலும் ஒரு சின்னக் குறிப்பேட்டிலும் வைத்திருந்தார்.

அந்த இன்ஸ்பெக்டர் மூன்று மாதத்துக்கு முன்னால் பிளேக் வந்து மூன்றே நாளில் இறந்துபோனார். அவர் வீட்டுச் சாமான்களை முனிசிபல் ஆட்கள் போட்டுக் கொளுத்தினார்கள். குறிப்பேடும் அதோடு போயிற்று.

"இப்ப சட்டத்துக்கு நான் திருடன். விட்டுட்டு வர்றேன்னு சொன்னா அவங்களுக்குத் துரோகி. என்னை மட்டும் போட்டா பரவாயில்ல."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லவேண்டும். இரண்டு வருஷம்! "எங்க மூணு பேர் உயிரையும் பணயம் வைக்க உங்களுக்கு யார் உரிமை குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் குடுக்கல. ஒன்னக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப. நீ சொல்லியிருந்தா நானும் விட்டிருப்பேன். அதான் கேக்கல."

களி ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தோம். அவருக்கு எழுதத் தெரியாது, எனக்குத் தெரியும். எந்த நாள், யார் கொண்டுவந்தது, எவ்வளவு கனம், எந்தத் தட்டார் உருக்கினது, எந்த ஊருக்குப் போனது என்று இரண்டு வருஷத்தையும் ஒரு சனிக்கிழமை விடாமல் சொன்னார். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காப்பி நோட்டுகளில், அவர்கள் எழுதின பாடங்களுக்கு நடுவே, அதே மாதிரி பெரிய எழுத்தில் எழுதினேன். யாராவது எடுத்துப் புரட்டினால் பிள்ளைகளின் எழுத்து என்று நினைக்கட்டும் என்று. சில இடங்களில் வேண்டுமென்றே தப்பாக எழுதி அடித்தேன். பதினான்கு நாள் ஆனது. பதினோராவது நாளில் சொன்ன ஒன்றை முதல் நாள் சொன்னதோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட மாறவில்லை. அந்த இரண்டு வாரமும் அவர் சனிக்கிழமை தவறாமல் தலைப்பாகை கட்டிக்கொண்டு போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

நோட்டு முடிகிற சமயத்தில், ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஜவுளிக்கடைக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகளுக்கு எல்லாம் பொரி உருண்டை கொடுத்தார். பாயில் உட்கார்ந்து என் மகளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"வாத்தியாரம்மா, அன்னிக்கி ஒரு சனிக்கிழம எங்க கடத்தெரு பக்கம் வந்திருந்தீங்களாமே? கடைக்குள்ள வராம போயிட்டீங்க. மனசு கஷ்டமாப் போச்சு."

"குழந்தைக்கு மருந்து வாங்க வந்தேங்க" என்றேன்.

"உங்க வீட்டுக்காரரு நல்ல மனுசன். ஆனா கொஞ்ச நாளா மூஞ்சில களை இல்லீங்களே. வீட்ல ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. பிளேக் வந்ததிலேர்ந்து எல்லாருக்கும் பயம்தாங்க."

"பயம் நல்லது" என்று சொல்லி, என் மகளின் தலையை மெதுவாகத் தடவிவிட்டு எழுந்து போனார். அவ்வளவுதான் பேசினார். நான் என் வீட்டுக்காரரைப் பின்தொடர்ந்து போனதுதான் எங்களைக் காட்டிக்கொடுத்திருக்கிறது என்று புரிந்தது. இதைச் சொன்னபோது அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "நோட்ட எடுத்துக்கினு வெள்ளிக்கிழமையே கெளம்பு" என்றார்.

எங்கள் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொள்கிற வெள்ளைக்காரத் துரைசானியம்மா பெங்களூரில் பட்டாளம் இருக்கிற தண்டுப் பகுதியில் இருந்தார். தமிழ் நன்றாகப் படிப்பார். பிள்ளைகளின் நோட்டுகளைக் காட்டப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, கைக்குழந்தையோடு ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பவுரிங்பேட்டையில் வண்டி மாறிப் போனேன். மகளை அழைத்துப் போகவில்லை. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினால், ஓடிப்போகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று இருவரும் பேசி முடிவு செய்திருந்தோம். அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைக்கவில்லை.

துரைசானியம்மா முதல் நோட்டைப் படித்து முடிப்பதற்குள் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். அன்றைக்கே போலீஸ் பெரிய துரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து என்னை மாறி மாறிக் கேட்டார். இன்ஸ்பெக்டர் உயிரோடு இருந்தபோது, ஊரிகத்தில் தன் ஆள் ஒருவன் உள்ளே இருக்கிறான் என்று மட்டும் அவரிடம் ஒருமுறை சொல்லியிருந்தாராம். பேர் சொல்லவில்லையாம். பெரிய துரை நோட்டுகளை மூடி வைத்து, "நாளைக்குச் சனிக்கிழமை" என்றார்.

சனிக்கிழமை மத்தியான வண்டியில் திரும்பினேன். அதே வண்டியில் வேட்டி கட்டியும், மூட்டை சுமந்தும், வெவ்வேறு பெட்டிகளில் இருபது போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஊரிகத்தில் இறங்கினதும், அவர்களில் பெரியவர் என்னை ஸ்டேஷன் பெஞ்சைவிட்டு நகரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். குழந்தை பாலுக்கு அழுதது. எனக்குப் பால் இறங்கவில்லை.

அந்த நேரத்தில் ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை. என் மகள் சொல்லியும், பிறகு கோர்ட்டில் கேட்டும்தான் தெரியும்.

காலையில் என் வீட்டுக்காரர் ஷிப்ட்டில் இருந்தபோது, முதலாளி வீட்டு ஜட்கா வண்டி வந்திருக்கிறது. "அம்மா ஊர்ல இல்லியே, குழந்த எங்க வீட்ல சாப்பிடட்டும்" என்று பக்கத்து வீட்டிலிருந்து என் மகளைக் கூட்டிப்போய்விட்டார்கள். இவர் ஷிப்ட் முடிந்து வந்தார். விஷயம் கேட்டார். நேராகப் போய்த் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார். பெங்களூரில் என்ன நடந்தது, யாராவது என்னை நம்பினார்களா, போலீஸ் வருமா வராதா, அவருக்கு ஒன்றும் தெரியாது. போகாமல் இருந்தால் மகள் திரும்பமாட்டாள் என்பது மட்டும் தெரியும்.

அங்கே முதலாளியும் இரண்டு தட்டார்களும், அரிவாள் வைத்திருக்கிற ஓர் ஆளும் இருந்தார்கள். பின்கட்டில் உலை மூட்டி ரசக்கட்டி உருகிக்கொண்டிருந்தது.

"ஒம்பொண்டாட்டி பெங்களூருக்கு எதுக்குப் போனா?" என்று முதலாளி கேட்டிருக்கிறார்.

"எதுக்குப் போவா? வெள்ளக்காரி கால அமுக்க!" என்று இவர் உரக்கச் சிரித்திருக்கிறார்.

"அவ திரும்பி வர்ற வரிக்கும் பாப்பா இங்கயே இருக்கட்டும்."

"வெச்சுக்கோங்க மொதலாளி! எனக்கு ஒரு வாய் சோறு மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். தன் அப்பாவை அவள் அந்தக் குரலில் கேட்டதே இல்லை. இவர் அவளைத் தூக்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை. தட்டில் இருந்த வேர்க்கடலையை எடுத்து உரித்து, பேச்சு பேசிக்கொண்டே, பார்க்காமலே, ஒவ்வொன்றாக அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். அப்படி இரண்டு மணி நேரம். சீட்டாடினார். பழைய கதை சொன்னார். முதலாளிக்குச் சந்தேகமே போய்விட்டது என்று அந்தத் தட்டார்களில் ஒருவர் பின்னால் சாட்சி சொன்னார்.

கதவு உடைகிற சத்தம் கேட்டபோது அரிவாள்காரன் முதலில் திரும்பினது குழந்தையின் பக்கம்தான். இவர் குறுக்கே பாய்ந்து இடது கையை நீட்டினார். இரண்டு விரல்கள் போயின. வலது கையால் மகளை உலைக்கு அப்பால் தள்ளி, அவள் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

ஸ்டேஷன் பெஞ்சுக்கு ஒரு போலீஸ்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கவுன் முழுக்க ரத்தம். நான் அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. "அப்பா திட்டினாரு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கையில் கட்டோடு அவருக்கும் விலங்கு மாட்டி, மற்றவர்களோடு நடத்திக்கொண்டு போனார்கள். அது அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. சிநேகிதரைத் தள்ளினது யார் என்று அவருக்கு அதுவரை தெரியாது. லாக்கப்பில் சேர்ந்து கிடந்தால் பேசுவார்கள், தன்னை இப்போது பிரித்தால் எல்லாம் வீண் என்று அந்தப் போலீஸ் பெரியவரிடம் காதோடு சொல்லியிருக்கிறார். நாலு பேர் நடுவில், வெட்டுப்பட்ட கையோடு, பதினோரு நாள் கிடந்தார். விலங்கைப் பார்த்து, தங்களைப் போல இவரும் பிடிபட்டவர் என்றே அவர்கள் நம்பினார்கள். ஒரு வார்த்தை தவறினாலும் அங்கேயே கழுத்தை நெரித்திருப்பார்கள்.

அந்தப் பதினோரு நாளும் ஊருக்கு நான் திருடன் பெண்டாட்டி. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வரவில்லை. குழாயடியில் எனக்கு முன்னால் நின்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். செத்துப்போன சிநேகிதரின் மனைவி என் வாசலில் வந்து நின்று, "என் புருசன கொன்ன பாவிங்களோட ஒக்காந்து தின்னானே, அவன் கை அழுகிப் போவாதா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். இடுப்பில் தகப்பன் முகம் பார்க்காத குழந்தை. உண்மையைச் சொல்ல என் நாக்கு துடித்தது. சொன்னால் லாக்கப்பில் அவர் உயிர் போய்விடும். கதவைச் சாத்திக்கொண்டு, மகனின் துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

ஒன்பதாவது நாள் அரிவாள்காரன் பேசினான். தன் பெருமையைச் சொல்லுவது போல இவரிடமே சொன்னான். செத்தவரின் வெள்ளி அரைஞாணைக் கழற்றி அதே தட்டாரிடம் விற்றதையும் சொன்னான். போலீஸ் போய்க் கேட்டதும், தட்டார் அதை உருக்காமல் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கோர்ட்டில் இவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றின அன்று, சுரங்கத்தில் ஷிப்ட் இல்லாத ஆட்களெல்லாம் வந்திருந்தார்கள். ஜவுளிக்கடைக்காரரின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது, கோபப்படவில்லை, வாயைத் திறந்து மூடினார். இவர் என்ன குரலில் பேசப்போகிறார் என்று எனக்கு ஆவலாக இருந்தது. மேஸ்திரிக் குரல் இல்லை. எங்கள் வீட்டுக் குரல்தான். "சொல்றேங்க ஐயா" என்று ஆரம்பித்து, முதல் சனிக்கிழமையிலிருந்து சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் என் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுநடுவே தேதிகளைக் கலைத்துக் கேட்டார். "இல்லீங்க, மன்னிச்சிக்கோங்க, அது மழ பெஞ்ச வாரங்க" என்று பணிவாகத் திருத்தினார். மூன்று மணி நேரம். வக்கீல் கடைசியில் உட்கார்ந்துவிட்டார்.

அரிவாள்காரனுக்குக் கொலைக்காகவும், முதலாளிக்கும் தட்டார்களுக்கும் தங்கம் கடத்தினதற்காகவும் தண்டனை கிடைத்தது. கொலையை ஏவினது முதலாளி என்பதை நிரூபிக்க முடியவில்லை. அது இவருக்குக் கடைசிவரை ஒரு குறை.

ஊர் எங்களைக் கொண்டாடியது என்று சொன்னால் பொய். பூமியில் இருக்கிற தங்கத்தை வெள்ளைக்காரன் எடுத்தால் கம்பெனி, நாம் எடுத்தால் திருட்டா என்று கேட்கிறவர்கள் நிறைய இருந்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று இவரும் சொன்னதில்லை. "தங்கம் எவன் வூட்டுக்குப் போனா எனக்கின்னா? செத்தவன் குடிகாரன்னு எழுதிட்டாங்களே" என்பார். மில்லில் வெகுமதி கொடுக்கக் கூப்பிட்டபோது, பதிவேட்டில் அந்த வரியைத் திருத்தச் சொன்னார். திருத்தினார்கள். நான் போய் என் கண்ணால் படித்து இவருக்குச் சொன்னேன்.

தீர்ப்பு வந்த மறுநாள் சிநேகிதரின் மனைவி வந்தாள். வாசலோடு நின்றாள். இவரும் எழுந்து நின்றார்.

"சாப்டீங்களாண்ணா?" என்றாள் அவள்.

"ஆச்சும்மா" என்றார் இவர். சாப்பிட்டிருக்கவில்லை.

முதலாளியின் ஆட்கள் இன்னும் வெளியே இருந்தார்கள் என்பதால் நாங்கள் தங்க வயலில் தங்கவில்லை. துரைசானியம்மா பெங்களூரில் மிஷன் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் இவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். மூன்று விரல் கையால் செடி நட்டார். அங்கே யாருக்கும் எங்கள் கதை தெரியாது.

மகளுக்கு மட்டும் சில வருஷம் வரைக்கும் அவர் உரக்கப் பேசினாலே முகம் மாறிவிடும். அதனால் அவர் உரக்கப் பேசுவதையே விட்டுவிட்டார், தெருவில் வண்டிக்காரரைக் கூப்பிடவேண்டுமானாலும் கையைத் தட்டுவார். அவளுக்குப் பத்து வயது ஆனபோது உட்கார வைத்து நடந்ததை எல்லாம் சொல்லி, "அந்த வார்த்த ஒன்னச் சொல்லல கண்ணு, அவங்க காதுக்குச் சொன்னது. அப்பாவ மன்னிச்சிடு" என்றார். அவள், "எனக்கு அப்பவே தெரியும்பா" என்றாள். தெரிந்திருக்காது. அவரைப் போலவே அவளும் ஒருவர் மனம் நோகாமல் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள்.

நான் இன்னும் கொஞ்ச நாள் கோபமாகத்தான் இருந்தேன். அவர் செய்தது சரியா என்று கேட்டால், தாய் என்ற முறையில் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் தைரியம் என்ற சொல்லை வகுப்பில் விளக்கவேண்டி வரும்போதெல்லாம், பாடப் புத்தகத்தில் இருக்கிற ராஜாவோ வீரனோ என் நினைவுக்கு வந்ததில்லை. ஆஸ்பத்திரித் தோட்டத்தில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருக்கிறவர்தான் வருவார். பள்ளிக்கூடம் முடிந்து அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, யாராவது கவனிக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு சிரிப்பார்.